பழைய புகைக்கூட்டில் மறுபடி அடுப்பு மூட்டுவதற்கு முன்

 

எங்கள் குசினிக் கூரைக்கு மேலே காலையில் புகை போவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாளாகவே பலர் கேட்கிறார்கள். குளப்பிட்டிச் சந்தியில் மரக்கறி வாங்கும்போது கேட்கிறார்கள், பாடசாலை வாசலில் பெற்றோர் கேட்கிறார்கள். "ரீச்சர், அந்தப் பழைய புகைக்கூட்டை எப்பிடித் திரும்ப வேலை செய்ய வைச்சனீங்கள்? எங்கட வீட்டிலயும் ஒண்டு சும்மா நிக்குது." நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விடயம் இல்லை இது. அரைகுறையாகச் சொன்னால் ஆபத்தாகவும் முடியலாம். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். அடுப்பு மூட்ட நினைப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஏன் விறகுக்குப் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரல் கடைசியில் அது 4,860 ரூபா ஆனது. காசு இருந்தாலும் சாமான் இல்லை. அதற்கு முந்திய நவம்பர், டிசம்பரில் நாட்டில் பல இடங்களில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்து கொண்டிருந்ததால், கிடைத்த சிலிண்டரைத் திறக்கவும் பயம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. அந்த வருடம் கொக்குவிலில் எத்தனை வீட்டு முற்றத்தில் மூன்று கல் அடுப்பு எரிந்தது என்று உங்களுக்கே தெரியும். இலங்கை முழுவதற்கும் விறகு புதிதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. காஸுக்கு மாறிய எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் அதை மறந்திருந்தோம்.

எங்கள் உம்மா மறக்கவில்லை. ஆனால் உம்மாவுக்கு முட்டு இருக்கிறது. 2022 நோன்பு முழுக்க ஸஹருக்கு எழும்பி, பின் தாழ்வாரத்தில் சீற் கூரைக்குக் கீழே குனிந்து அடுப்பை ஊதினார். பகலில் நோன்புக் கஞ்சிக்கும் அதே அடுப்புத்தான். பெருநாளைக்குப் பிறகு ஒரு கிழமை மூச்சு எடுக்க முடியாமல் இருந்தார். "புகை பட்டது" என்று சொல்லிவிட்டுப் போகிற விடயமா இது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டுக்குள் பரவும் சமையல் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். புகை குடிப்பது சமைக்கிறவரும் அவரின் இடுப்பில் இருக்கிற பிள்ளையும்தான்.

அப்போதுதான் குசினியில் சும்மா நின்ற புகைக்கூடு எங்கள் கண்ணில் பட்டது.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுண்ணாம்புக்கல் சுவர், பனை வளை, நாட்டு ஓடு. குசினி பின்னால் தனியாக. சுவரோரம் இடுப்பளவு உயர அடுப்புத் திட்டு, அதற்கு மேலே பெரிய கூடு, அது ஒடுங்கி இரண்டு அடிச் சதுரமாகக் கூரைக்கு மேலே போகிறது. வீட்டுக்கார ஐயா கனடாவில். வட்ஸ்அப்பில் கேட்டபோது, "அது எங்கட அம்மான்ர அடுப்பு பிள்ளை. 95 ஒக்டோபர் 30 இடம்பெயர்ந்ததுக்குப் பிறகு அதில ஒருத்தரும் சமைக்கேல்லை எண்டு நினைக்கிறன்" என்றார். எங்கள் உம்மா வாப்பா எங்களைத் தூக்கிக் கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டி வந்ததும் ஒக்டோபர் 30 தான், அது 1990. ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதி. உம்மா அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புத் திட்டைக் கூட்டித் துடைத்தார்.

இங்கே சொல்ல வருவது இதுதான். இந்த ஊரில் ஒரு புகைக்கூடு நிற்கிறது என்றால் அது எத்தனை வருடம் ஆளில்லாமல் நின்றது, எத்தனை ஷெல் அதிர்ச்சி வாங்கியது, யார் எதைப் பூசி மறைத்தார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. நிற்பது வேறு, வேலை செய்வது வேறு. எங்களுக்கு வேலை செய்த மேசன் ஐயா முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, புகைக்கூடு நிக்குது எண்டு நெருப்பு வைக்கக் கூடாது. முதல் உள்ளுக்கை பாக்கோணும்."

பார்த்தோம். மேலே இருந்து கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, கீழே இருந்து பார்த்தால் வெளிச்சம் வரவில்லை. அணில் கூடு, மைனாக் கூடு, உடைந்த ஓட்டுத் துண்டு என்று இரண்டு உரப்பை நிறைய வந்தது. அதற்குப் பிறகு பழைய கரி. தும்புத் தடியில் கல் கட்டி இறக்கித் தேய்த்தோம். மூக்கு வாயை நன்றாகக் கட்டிக் கொண்டு செய்யுங்கள், காய்ந்த எச்சமும் கரித்தூளும் நெஞ்சுக்குக் கூடாது.

கரி போன பிறகுதான் விரிசல் தெரிந்தது. கூரை மட்டத்தில் ஒரு பக்கம் விரல் போகிற அளவு. வெளியே சிமெந்து பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மேசன் ஐயா ஓட்டைக் கழற்றிக் கூரைக்குள் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பனை வளையின் நுனி புகைக்கூட்டுச் சுவருக்குள்ளேயே செருகிக் கட்டப்பட்டிருந்தது. அந்த நுனி ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து, நகத்தால் சுரண்டினால் கரியாக உதிர்ந்தது. அந்த அம்மா எத்தனையோ வருடம் அதற்குக் கீழே நின்றுதான் சமைத்திருக்கிறார்.

இதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் படித்தபோது புத்தகத்தில் இருந்த விடயம் கூரைக்குள் கண் முன்னே நின்றது. மரம் நெருப்புப் பட்டால்தான் எரியும் என்றில்லை. வருடக்கணக்காகச் சூடு பட்டுக் கொண்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரியாக மாறும். அப்படி மாறிய மரம் முதலில் தாங்கிய சூட்டை விடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக் கொள்ளும். "இத்தனை வருசம் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்பது அதனால்தான் நியாயம் ஆகாது. நடக்காத ஒவ்வொரு வருடமும் மரத்தை அடுத்த வருடத்துக்குத் தயார் செய்கிறது.

அந்த வளையின் நுனியை வெட்டி, பக்கத்தில் தூண் கொடுத்துத் தாங்கினார்கள். விரிசலை உடைத்து மறுபடி கட்டினார்கள். உங்கள் வீட்டில் வேறு எதுவும் பார்க்காவிட்டாலும் இந்த இரண்டையும் பாருங்கள்: புகைக்கூட்டில் விரிசல் இருக்கிறதா, வளை, சிலாகை, பரண் ஏதாவது அதைத் தொடுகிறதா.

அடுத்தது, திறந்த அடுப்பையே மூட்டினால் என்ன? கூடு இருக்கிறதே, புகை போகும்தானே என்று கேட்கலாம். புகை மேலே போவது சூடான வாயு பாரம் குறைந்தது என்பதால். அது சூடாக இருக்கும் வரைதான் அந்த ஏற்றம். சிறிய அடுப்பின் புகை இரண்டு அடிச் சதுரப் பெரிய கூட்டுக்குள் போனால் விரிந்து ஆறி விடும். ஆறிய புகை பாதியில் நின்று குசினிக்குள் திரும்பும். மிச்சம் சுவரில் தார் மாதிரிப் படியும். அந்தத் தார் நெருப்புப் பிடிக்கும் பொருள். தடிப்பாகப் படிந்த நாளில் ஒரு பொறி மேலே போனால் புகைக்கூட்டுக்குள்ளேயே தீப்பற்றும். உறுமுகிற சத்தத்தோடு எரியும் என்று சொல்வார்கள். குளிர் நாடுகளில் புகைக்கூட்டைத் துப்பரவு செய்வதற்கென்றே தொழிலாளர்கள் இருப்பது இதனால்தான்.

ஆகவே குளிர் நாட்டில் பழைய வீடுகளில் செய்வதையே எங்கள் குசினிக்கு ஏற்றபடி செய்தோம். பழைய கூட்டுக்குள் மூடிய அடுப்பு ஒன்றை வைத்து, அதிலிருந்து புகைக்கூட்டின் உச்சி வரை தனி இரும்புக் குழாய். பழைய கட்டடம் வெளிச்சட்டை. புகை போவது உள்ளே உள்ள குழாயில்.

அடுப்பு. அனகி அடுப்பு பலருக்குத் தெரியும். 1980களில் இலங்கையில் உருவாக்கிப் பரப்பிய இரட்டை வாய் மண் அடுப்பு. ஒரே நெருப்பில் முன் வாயில் சோறும் பின் வாயில் கறியும் வைக்கலாம், விறகும் மிச்சம். ஆனால் அதற்குப் புகை வழி கிடையாது. நாங்கள் அதே முறையில், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வாய் வைத்து, பின் பக்கம் 6 அங்குலக் குழாய்க்கு வழிவிட்டுச் செங்கல்லால் கட்டினோம். புகைவழி வைத்த அடுப்பும் புதிய யோசனை இல்லை. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலாளர் 1953 இலேயே புகையில்லாக் குசினி பற்றிப் புத்தகம் எழுதினார்.

இங்கே யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு முக்கியமான கதை. எங்களுக்குக் கைக்கு வருகிற கல் சுண்ணாம்புக்கல். அதை நெருப்புப் படும் இடத்தில் வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சூளையில் என்ன நடக்கிறது? அதே கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறோம். அடுப்புக்குள்ளும் அது மெல்ல நீறும், வெடிக்கும், பிறகு தண்ணீர் பட்டால் பொரியும். சாதாரணச் சிமெந்துச் சாந்தும் நேர் நெருப்பைத் தாங்காது. உள்பக்கம் நன்றாகச் சுட்ட செங்கல்லும் களிமண் சாந்தும். வெளிச்சுவருக்கும் செங்கல்லுக்கும் இடையில் உமிச் சாம்பல் நிரப்பினோம். அது சூட்டை வெளியே விடாது. நெருப்பும் நன்றாக எரியும், வைகாசி வெக்கையில் குசினியும் தாங்கக்கூடியதாக இருக்கும், பிள்ளை கை வைத்தாலும் சுவர் சுடாது.

குழாய். இதில்தான் கூடுதலானோர் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிளாஸ்ரிக் குழாயைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அஸ்பெஸ்ரஸ் குழாய் வேண்டாம். சூட்டில் வெடித்துச் சிதறும், அதன் தூள் நெஞ்சுக்கு விசம். கல்வனைஸ் குழாயும் அடுப்புக்குக் கிட்ட வேண்டாம். அதில் பூசியிருப்பது நாகம், கடும் சூட்டில் அது புகையாக வரும், சுவாசித்தால் காய்ச்சல் மாதிரி வருத்தம் வரும். துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் வெல்டிங் கடையில் அடித்து எடுத்தோம். மொத்தச் செலவில் பாதி இந்தக் குழாய்க்குத்தான் போனது. ஆனாலும் எல்லாம் சேர்த்து நல்ல கைபேசி ஒன்றின் விலை வரவில்லை.

குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் போக வேண்டும். பீலியில் தண்ணீர் இறக்குகிற மாதிரி. அப்போதுதான் உள்ளே வடிகிற தார் வெளியே கசியாமல் அடுப்புக்கே திரும்பி எரியும். வெல்டிங் தம்பி முதலில் மறுபக்கமாகப் பொருத்தினார். புகை மேலே போகிறது, அதனால் கீழ்த் துண்டு மேலதுக்குள் போக வேண்டும் என்பது அவர் வாதம். விளங்கப்படுத்தியதும் மாற்றித் தந்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி. வளைவு குறைவாக இருக்க வேண்டும். செங்குத்து வளைவை விடச் சரிந்த வளைவு நல்லது. அடுப்பு வாயை விடக் குழாய் எந்த இடத்திலும் ஒடுங்கக் கூடாது.

பழைய கூட்டின் கீழ் வாயை இரும்புத் தகட்டால் மூடி, நடுவில் குழாய் போகிற அளவு துளை விட்டு, சுற்றிவரக் களிமண்ணால் அடைத்தோம். இதைச் செய்யாவிட்டால் மேலே குழாயால் வெளியேறிய புகை காற்றடிக்கும்போது கூட்டு வழியாகத் திரும்பக் குசினிக்குள் இறங்கும்.

தூரம். தனித் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் 18 அங்குலம், அதாவது ஒரு முழம் இருக்க வேண்டும். வெளிநாட்டு விதிகளில் உள்ள அளவு இது. இடம் இல்லையென்றால் இடையில் தகடு கட்டலாம். ஆனால் தகட்டை மரத்தோடு ஒட்டி அடிக்கக் கூடாது, ஒரு அங்குலம் விட்டுக் காற்று ஓட விட வேண்டும். பரண் வைத்த வீட்டார் கவனியுங்கள். விறகு காயட்டும் என்று அடுப்புக்கு மேலேயே அடுக்குகிறோம். மழைக்காலத்தில் அது வசதிதான். ஆனால் குழாயைச் சுற்றி விறகு அடுக்கினால் நாங்களே அடுப்பை மேலேயும் கட்டிய மாதிரி.

உயரம். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும். அதைச் சுற்றிப் பத்து அடிக்குள் முகடு இருந்தால் அந்த முகட்டை விட 2 அடி கூட. எங்கள் ஊரில் சோளகமும் வாடையும் சும்மா வருவதில்லை. முகட்டில் அடித்த காற்று மறுபக்கம் கீழ்நோக்கிச் சுழலும். குழாய் அந்தச் சுழலுக்குள் நின்றால் புகை வீட்டுக்குள்தான். மேலே தொப்பி மழைக்கு, சுற்றிவர வலை அணிலுக்கு. வலையின் கண் மிகச் சிறிதாக இருந்தால் கரி அடைத்துவிடும்.

காஸ் சிலிண்டரை நாங்கள் விடவில்லை. அவசரத் தேத்தண்ணிக்கு அது வேண்டும். ஆனால் சிலிண்டரைக் குசினிச் சுவருக்கு வெளியே கொண்டு போனோம். காஸ் காற்றை விடப் பாரம் கூடியது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு தவழ்ந்து வரும். விறகடுப்புத் தணல் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டையும் வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. இன்றைக்கே மாற்றுங்கள்.

முதல் நெருப்புக்கு முன் ஒரு சோதனை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற மாதிரித்தான். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பிறகு ஒரு பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் குழாயின் அடியில் எரித்து, குழாயைச் சூடாக்கி மறுபடி பிடித்துப் பாருங்கள். இழுவை கூடும். கூடாவிட்டால் எங்கோ அடைப்பு. முதல் கிழமை சிறு நெருப்புத்தான். மண் காய வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய விறகு வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி அடுப்பைப் பிளக்கும். உம்மாவுக்குப் பொறுமை இல்லை. "சோறு எப்ப வைக்கிற?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். எட்டாம் நாள் வைத்தார்.

இனி விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் பாரத்தில் பாதியளவு தண்ணீர்தான். அதை எரிப்பதென்றால் முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம், பிறகுதான் சமைக்கிறோம். புகையும் தாரும் அதனால்தான். பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, ஆறு மாதமாவது காய விடுங்கள். ஐப்பசி மழைக்கு முதல் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்த பனைமட்டை, ஊமல், சிரட்டை எல்லாம் நல்லவை, ஆனால் வேகமாக எரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அலரித் தடி வேண்டவே வேண்டாம், அதன் புகையும் நஞ்சு. வர்ணம் பூசிய பலகை, பழைய யன்னல் சட்டம் வேண்டாம். நெருப்புப் பற்ற வைக்கச் சொப்பிங் பையைக் கொளுத்துகிற பழக்கத்தையும் விடுவோம். பன்னாடை எதற்கு இருக்கிறது?

மூடிய அடுப்பில் ஒரு ஒழுங்கு உண்டு. பானை இல்லாத வாயை மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுவை போய்விடும். யன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். வெளியேறுகிற புகைக்குப் பதிலாக உள்ளே காற்று வந்தால்தான் நெருப்பு எரியும். தணல் இருக்கும்போது குழாயை முழுதாக அடைக்கக் கூடாது. புகை இல்லாத தணல் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்தத் தணலிலிருந்துதான் காபனோரொட்சைட்டு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக் கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால், வெளியே போனதும் அது சுகமாகினால், அடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு எச்சரிக்கை மணி இருக்கிறது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் விறகோ காஸோ எரிக்கும் சாதனம் உள்ள வீடுகளில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். வீட்டுக்கார ஐயா போன தடவை வந்தபோது ஒன்று கொண்டு வந்து தந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

சாம்பலைத் தகர வாளியில் அள்ளி மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். தணல் சாம்பலுக்குள் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடதாசிப் பெட்டியிலோ உரப்பையிலோ அள்ளாதீர்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். படுக்கப் போகுமுன் நெருப்பை அணையுங்கள் என்பது சின்ன வயதில் மத்ரஸாவில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது, மாரிக்கு முன், குழாயைக் கழற்றிக் கரி தட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் எரித்தால் இரண்டு தடவை. கரி கால் அங்குலத் தடிப்புக்கு வர விடக் கூடாது.

இவ்வளவும் செய்து என்ன மாற்றம் என்று கேட்பீர்கள். மிகைப்படுத்த விரும்பவில்லை. குவாத்தமாலாவில் 500க்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு பாதிக்குப் புகைவழி வைத்த அடுப்புக் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகள் சுவாசித்த காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைந்திருந்தது. கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. முழுதாக இல்லாமல் போகவில்லை. புகைக்கூடு புகையை அழிப்பதில்லை, வெளியே அனுப்புகிறது. அதனால்தான் காய்ந்த விறகும் நல்ல எரிவும் பக்கத்து வீட்டுக்கும் நாங்கள் செய்கிற மரியாதை.

எங்கள் உம்மாவின் முட்டு முற்றாகப் போய்விடவில்லை. வாடைக்கு இன்னும் வரும். ஆனால் நிமிர்ந்து நின்று சமைக்கிறார், ஊதுகுழலைத் தேடுவதில்லை, போன நோன்பில் ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. முதல் தடவை நல்லபடி எரிந்த அன்று படம் எடுத்து வீட்டுக்கார ஐயாவுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அம்மா இருந்தால் உங்கட உம்மாவோட அடுப்புக்குச் சண்டை பிடிச்சிருப்பா" என்று குரல் பதிவு வந்தது. உம்மா அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

இப்போது பல பழைய வீடுகளைத் திருத்துகிறார்கள். முதலில் இடிப்பது புகைக்கூட்டைத்தான், இடம் மினக்கேடு என்று. இடிப்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். இடிக்க முன் ஒரு தடவை யோசியுங்கள், 2022 மறுபடி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. வைத்திருக்கிறதென்றால், அது நிற்கிறது என்ற நம்பிக்கையில் நெருப்பு வைக்காதீர்கள். உள்ளே பாருங்கள், கூரைக்குள் பாருங்கள், பனை வளையின் நுனியைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் அடுப்பை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். மேசன் ஐயாவிடம் கேட்டுவிட்டு அவரின் தொடர்பையும் தருகிறோம். உங்கள் வீட்டில் வயது போன அம்மாமார் விறகில் சமைக்கிறார்கள் என்றால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்களுக்குத் தெரியாத பழைய நுணுக்கம் அவர்களிடம் இருக்கும். அதையும் எழுதுங்கள், சேர்த்துக் கொள்வோம்.